புரூக்ஹேவன் டிரிட்டியம் கசிவு: சோதனையில் "கசிவில்லை" என்று எப்படி வந்தது?

நீர்மட்டம் (இழையைத் தொடங்கியவர்)

கண்காணிப்புக் கிணறுகள் பற்றிய போன இழையில் புரூக்ஹேவன் பெயர் அடிபட்டது. தனியாக எழுதச் சொன்னீர்கள். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலேண்ட் தீவு, அதில் சஃபோக் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி). பழைய ராணுவ முகாமான கேம்ப் அப்டன் இருந்த இடத்தில் 1947-ல் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம் தொடங்கியது. பரப்பு 5,000 ஏக்கருக்கு மேல். தீவு முழுக்க அடியில் மணலும் சரளையும்தான். மேலே எதைக் கொட்டினாலும் நேராகக் கீழே போய்விடும். அந்த மணலுக்குள் இருக்கும் தண்ணீரைத்தான் ஊர் முழுவதும் குடிக்கிறது, வேறு குடிநீர் ஆதாரம் கிடையாது.

1965 முதல் அங்கே எச்.எஃப்.பி.ஆர். என்ற ஆராய்ச்சி உலை ஓடியது. மின்சாரம் எடுக்க அல்ல, நியூட்ரான் கற்றைக்காக. எரிந்து முடிந்த எரிபொருளை அதே கட்டடத்தில் ஒரு குளத்தில் போட்டு வைப்பார்கள். குளத்தின் கொள்ளளவு சுமார் 68,000 கேலன், அதாவது இரண்டரை லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். கான்கிரீட் குளம், உள்ளே எஃகு உறை கிடையாது.

உலைக்கு அருகே கண்காணிப்புக் கிணறு போடுவதாக ஆய்வகம் கவுண்டியிடம் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வேலை முன்னுரிமைப் பட்டியலில் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்து, 1996-ல்தான் கிணறு தோண்டினார்கள். 1997 ஜனவரியில் முடிவு வந்தது: டிரிட்டியம் (கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன்) அமெரிக்கக் குடிநீர் வரம்பைப் போல் 2 மடங்கு. பிறகு எடுத்த சில மாதிரிகளில் 32 மடங்கு. குளத்திலிருந்து நாளுக்கு 6 முதல் 9 கேலன் வரை கசிந்துகொண்டிருந்தது என்றும், அது 12 வருடம் வரைகூட நடந்திருக்கலாம் என்றும் விசாரணையில் தெரிந்தது.

அதற்குமுன் குளத்தைச் சோதிக்காமல் விட்டார்களா என்றால், இல்லை. சோதித்தார்கள். தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்குகிறது, அதில் ஆவியாகப் போவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்து, கசிவில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள்.

இந்த இழையில் பேச விரும்புவது அந்தச் சோதனையைப் பற்றித்தான். 6 முதல் 9 கேலன் என்றால் 23 முதல் 34 லிட்டர். குளத்தின் மொத்த நீரில் இது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மொட்டைமாடியில் திறந்து கிடக்கும் பெரிய தொட்டியில் ஒரு நாளில் ஒரு சொம்புத் தண்ணீர் குறைந்தால், அது வெயிலில் போனதா விரிசலில் போனதா என்று யாரால் சொல்ல முடியும்? அறையின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் மாறினாலே ஆவியாகும் அளவு மாறும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் கசிவு ஒளிந்துகொண்டது. "கசிவில்லை" என்று எழுதியதற்குப் பதில் "இந்த முறையில் இவ்வளவுக்குக் குறைவான கசிவு தெரியாது" என்று எழுதியிருந்தால், கிணறு அப்போதே முன்னுரிமைக்கு வந்திருக்கும் என்பது என் கருத்து.

---

சந்தேகப்பிராணி

எல்லாம் சரி, இதனால் யாருக்கு என்ன ஆனது? ஒருவராவது அந்தத் தண்ணீரைக் குடித்தாரா? நான் படித்தவரை மாசு ஆய்வகத்தின் எல்லையைத் தாண்டவே இல்லை. இதற்காக ஒரு நல்ல உலையை மூடினார்கள். 32 மடங்கு என்று தலைப்புப் போட்டால் யார்தான் பயப்பட மாட்டார்கள்?

---

மாலதி_ரசாயனம்

சந்தேகப்பிராணி கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 20,000 பைக்கோக்யூரி. பெக்கரலில் 740 (இரண்டுமே கதிரியக்கத்தை அளக்கும் அலகுகள்). ஆண்டுக்கு 4 மில்லிரெம் என்ற கதிர்வீச்சு அளவிலிருந்து 1976-ல், அன்றைய பழைய கணக்கு முறையில் வந்த எண் இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10,000 பெக்கரல். கனடாவில் 7,000. ஐரோப்பிய ஒன்றியத்தில் 100, ஆனால் அதைத் தாண்டினால் ஆபத்து என்று பொருளில்லை, எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்க வேண்டும் என்பதற்கான எண் அது. ஒரே பொருளுக்கு நூறு மடங்கு வித்தியாசத்தில் வரம்புகள்!

புரூக்ஹேவனின் 32 மடங்கு என்பது சுமார் 24,000 பெக்கரல். உலகச் சுகாதார நிறுவன அளவில் பார்த்தால் இரண்டரை மடங்குக்கும் குறைவு. டிரிட்டியத்தின் பீட்டா கதிர் மிக வலுவற்றது, தோலின் மேற்புறத்தைக்கூடத் தாண்டாது. குடித்தால்தான் பிரச்சினை, அதிலும் உடலிலிருந்து பெரும்பகுதி சில வாரங்களில் வெளியேறிவிடும். கசிந்த மொத்த டிரிட்டியமும் தியேட்டர்களில் மின்சாரம் இல்லாமலே ஒளிரும் ஒரு எக்ஸிட் பலகையில் இருக்கும் அளவுதான் என்று அப்போது ஆய்வகத்தின் தரப்பில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கணக்குப்படி அது தவறில்லை.

ஆனால் அந்த ஒப்பீட்டைக் கேட்டு அங்கே யாரும் சமாதானம் ஆகவில்லை. பன்னிரண்டு வருடம் உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது, இன்னும் எதெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்று ஊர் கேட்டது. எக்ஸிட் பலகையைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாதே.

---

ஸ்டோனிபுரூக்_வாசி

நான் இருக்கும் இடத்திலிருந்து ஆய்வகம் காரில் கொஞ்ச தூரம்தான். இங்கே பழைய ஆட்களிடம் பேசினால் டிரிட்டியத்தை விட அதற்கு முந்தைய கதையைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

1989-லேயே ஆய்வகம் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் ஏறிவிட்டது. நாட்டிலேயே மோசமாக மாசுபட்ட இடங்கள் என்று மத்திய அரசு குறித்துவைக்கும் பட்டியல் அது. காரணம் பெரும்பாலும் கரைப்பான்கள்: டிரைகுளோரோஎத்திலீன், கார்பன் டெட்ராகுளோரைடு மாதிரியானவை. ராணுவ முகாம் காலத்து மிச்சமும் ஆய்வகத்தின் பழைய குப்பைக் குழிகளும் சேர்ந்து, மாசு எல்லையைத் தாண்டித் தெற்கே குடியிருப்புகளுக்கு அடியில் போயிருந்தது. 1996 ஜனவரியில் ஆய்வகத்துக்குப் பொறுப்பான மத்திய அரசின் எரிசக்தித் துறை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சொந்தக் கிணற்றை விட்டுவிட்டுப் பொதுக் குடிநீர் இணைப்புக் கொடுப்பதாக அறிவித்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஜனவரியில் டிரிட்டியம்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அரசியல்வாதிகள் வந்தார்கள், நடிகர் அலெக் பால்ட்வின் வந்தார், செய்தி தேசிய அளவுக்குப் போனது. 1997 மே மாதம் எரிசக்தித் துறைச் செயலர் ஃபெடெரிகோ பேன்யா, 1947 முதல் ஆய்வகத்தை நடத்திவந்த அசோசியேட்டட் யூனிவர்சிட்டீஸ் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக அறிவித்தார். ஐம்பது வருட உறவு. 1998-ல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகமும் பட்டேல் நிறுவனமும் சேர்ந்து அமைத்த புதிய நிர்வாகம் வந்தது. 1999 நவம்பரில் பேன்யாவுக்கு அடுத்து வந்த பில் ரிச்சர்ட்சன், உலையை இனி இயக்கப்போவதில்லை என்று அறிவித்தார். 1996 டிசம்பரில் வழக்கமான பராமரிப்புக்காக நிறுத்தியது, அத்தோடு சரி.

சந்தேகப்பிராணி சொல்வது போல விஞ்ஞானத்துக்கு இது இழப்புதான். நியூட்ரான் கற்றை வைத்து ஆராய்ச்சி செய்தவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். ஆனால் தண்ணீர்க் குழாய் இணைப்புக்காகத் தெருவைத் தோண்டிக்கொண்டிருக்கும் ஊரில் போய் "இது வெறும் டிரிட்டியம்தான்" என்றால் எடுபடுமா?

---

பழைய_ஊழியன்

ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர் வேண்டாம்.

நீர்மட்டம் தம்பி சொன்ன விஷயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. கம்ப்ளையன்ஸ், அதாவது விதிப்படி நடப்பது, என்றால் எங்கள் காலத்தில் பதிவேடுதான். கட்டம் நிரம்பியிருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா. ஆய்வுக்கு வருகிற அதிகாரியும் அதைத்தான் பார்ப்பார். "காணப்படவில்லை" என்று ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தால் எல்லாருக்கும் நிம்மதி. எவ்வளவு இருந்தால் காணப்பட்டிருக்கும் என்று கேட்டால் ஏதோ குற்றம் சாட்டுவது போலப் பார்ப்பார்கள்.

கிணறு தள்ளிப்போனதற்கும் ஒரு சூழ்நிலை இருக்கும். கரைப்பான் மாசு ஏற்கெனவே ஊருக்குள் போய்விட்டது. பணமும் ஆளும் அங்கே போயிருப்பார்கள். கசியவில்லை என்று சோதனை சொன்ன குளத்துக்கு அருகில் கிணறு போட யார் கையெழுத்துப் போடுவார்கள்? அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

---

நீர்மட்டம்

அண்ணே, அங்கேதான் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ஒரு கண்காணிப்புக் கிணற்றின் செலவு அந்த ஆய்வகத்தின் பட்ஜெட்டில் தூசு. மணல் பூமி, உறையில்லாத குளம், கீழே குடிநீர். மூன்றும் அவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1997 இறுதியில் கொடுத்த அறிக்கையும் ஆய்வகத்தை மட்டும் குறை சொல்லவில்லை, மேற்பார்வை பார்க்க வேண்டிய எரிசக்தித் துறையும் தன் வேலையைச் செய்யவில்லை என்றது. துறையே அதை ஒப்புக்கொண்டது. ஆனால் வேலை போனது ஒப்பந்ததாரருக்குத்தான்!

---

கொள்ளிடத்தான்

ஒரு அடிப்படைச் சந்தேகம். நிலத்தடி நீரில் கலந்துவிட்ட டிரிட்டியத்தை எப்படி எடுப்பார்கள்? ஆர்.ஓ. மாதிரி ஏதாவது இருக்கிறதா?

---

மாலதி_ரசாயனம்

நடைமுறையில் எடுக்க முடியாது. டிரிட்டியம் என்பது ஹைட்ரஜன்தான், அது தண்ணீர் மூலக்கூறிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆர்.ஓ. சவ்வுக்கு அந்தத் தண்ணீரும் சாதாரணத் தண்ணீரும் ஒன்றுதான். கரைப்பான்களுக்கு வழி உண்டு: தண்ணீரை மேலே இழுத்துக் காற்றை ஊதினால் அவை ஆவியாகிப் போய்விடும், அல்லது கரி வடிகட்டியில் ஒட்டிக்கொள்ளும். கதிரியக்க ஸ்ட்ரான்சியம்-90 என்றால் அயனிப் பரிமாற்றம். புரூக்ஹேவனில் இந்த மூன்றையும் பல வருடங்களாகச் செய்கிறார்கள். டிரிட்டியத்துக்கு மட்டும் காலம்தான் மருந்து. அரை ஆயுள் 12.3 வருடம்.

---

நீர்மட்டம்

அந்தக் காலத்தைச் சம்பாதிக்க அவர்கள் செய்த வேலை எனக்குப் பிடித்த பகுதி. அங்கே நிலத்தடி நீர் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே நகர்கிறது, மெதுவாக. மாசு பரவிய பட்டையின் தெற்கு முனையில் கிணறு போட்டு, அந்தத் தண்ணீரை இறைத்து, மறுபடி வடக்கே கொண்டுபோய்த் தரைக்குள் விட்டார்கள். அது திரும்ப நடந்து எல்லைக்கு வருவதற்குள் பல வருடம் ஓடிவிடும், அதற்குள் கதிரியக்கமும் தேய்ந்துவிடும், நீரில் கலந்து செறிவும் குறைந்துவிடும். 1997-ல் தொடங்கி, 2000-ல் நிறுத்தி, செறிவு கூடுதலான ஒரு பகுதி தெற்கே வருவதைப் பார்த்து 2007-ல் மறுபடி ஓட்டினார்கள். மறுபடி ஓட்ட வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? கிணறுகளில் தொடர்ந்து மாதிரி எடுத்ததால்தான்.

---

சந்தேகப்பிராணி

சரி, கசிவுக்குப் பிறகு கிணறுகள் போட்டார்கள். அதில் புதிதாக ஏதாவது அகப்பட்டதா? இல்லை வெறும் கண்துடைப்பா?

---

ஸ்டோனிபுரூக்_வாசி

அகப்பட்டது. இயற்பியல் படித்தவர்களுக்கு ஜி மைனஸ் 2 சோதனை தெரிந்திருக்கும், மியூவான் என்ற நுண்துகளின் காந்தப் பண்பை அளந்தது. அதன் பெரிய காந்த வளையத்தை 2013-ல் படகிலும் லாரியிலும் ஏற்றி சிகாகோ பக்கம் ஃபெர்மிலேபுக்குக் கொண்டுபோனது பெரிய செய்தியாக வந்தது. அதே சோதனைக்குப் புரோட்டான் கற்றை போகும் வழியில், ஒரு காந்தத்தின் அருகே, சுற்றியிருந்த மண்ணில் கற்றையின் சிதறல் பட்டு மண்ணிலேயே டிரிட்டியமும் சோடியம்-22-ம் உண்டாகியிருந்தன. மேலே மழை பெய்யப் பெய்ய, அவை கரைந்து கீழே இறங்கியிருக்கின்றன.

1999 நவம்பரில் புதிய கிணறுகளில் இது தெரிந்தது. உலையை மூடும் அறிவிப்பு வந்த அதே மாதம், வேடிக்கை பாருங்கள். பதறாமல் அந்த இடத்துக்கு மேல் மழைநீர் இறங்காதபடி கான்கிரீட் மூடி போட்டார்கள். பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் நடக்கவில்லை. இத்தனைக்கும் இங்கே டிரிட்டியத்தின் செறிவு 1997-ல் சொன்ன அந்த 32 மடங்கை விட அதிகமாகவே இருந்தது.

---

சந்தேகப்பிராணி

செறிவு அதிகம், ஆர்ப்பாட்டம் இல்லையா? அப்படியானால் 1997-ல் நடந்தது அரசியல்தானே?

---

பழைய_ஊழியன்

இல்லை தம்பி. இரண்டாவது முறை அவர்களே தேடிப் பார்த்து, அவர்களே வந்து சொன்னார்கள். 1998-லிருந்து ஊர்க்காரர்கள், சூழல் அமைப்புகள், தொழிற்சங்கம் என்று எல்லாரும் இருக்கும் ஒரு ஆலோசனைக் குழு வேறு இருந்தது. செய்தித்தாளில் வருவதற்கு முன் அங்கே வந்துவிடும். எந்தத் தொழிற்சாலையிலும் இதைப் பார்க்கலாம், தானாகச் சொன்ன தப்புக்கு ஊர் கொடுக்கும் விலை குறைவு.

---

பரமக்குடிப்பையன்

மான் கதையை யாரும் சொல்லவில்லையே! அங்கே மான் கறியைக்கூடப் பரிசோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

---

ஸ்டோனிபுரூக்_வாசி

உண்மைதான். ஆய்வக வளாகத்தில் வெள்ளைவால் மான்கள் ஏராளம். வேலி அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை, வெளியே போனால் வேட்டைக்காரர்கள் சுடுவார்கள், வீட்டில் சமைப்பார்கள். மண்ணில் கதிரியக்கமுள்ள சீசியம்-137 இருந்தால் செடி வழியாக மானுக்கும், மானிடமிருந்து மனிதருக்கும் வரும். அதனால் சாலையில் காரில் அடிபட்டுச் சாகும் மான்களிலிருந்து இறைச்சியும் ஈரலும் எடுத்து அளக்கிறார்கள். முன்பு வளாகத்தில் அழகுக்காகப் பரப்பிய மண்ணின் ஒரு பகுதியில் சீசியம் இருந்தது, அதை 2000-ல் அகற்றினார்கள். அதற்குப் பிறகு மான்களில் அளவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பெக்கானிக் ஆற்று மீனுக்கும் இதே சோதனை உண்டு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் அந்த ஆற்றின் தலைப்பகுதியில்தான் கலந்துகொண்டிருந்தது. வண்டலில் பாதரசம், வெள்ளி, தாமிரம், பி.சி.பி. என்று ஒரு பட்டியலே சேர்ந்துவிட்டது. 2004, 2005-ல் வண்டலை அள்ளினார்கள். 2014-ல் ஆற்றில் விடுவதையே நிறுத்தித் தரையில் ஊறவிடும் குட்டைகளுக்கு மாற்றினார்கள்.

---

கொள்ளிடத்தான்

நம்ம கல்பாக்கத்தில் இப்படி உண்டா?

---

மாலதி_ரசாயனம்

உண்டு. முதல் மின்உலை 1983-ல் ஓடத் தொடங்கியது. சுற்றுச்சூழல் ஆய்வகம் அதற்கு முன்பே 1970-களில் வந்துவிட்டது, உலை வருவதற்கு முன் மண்ணிலும் கடலிலும் மீனிலும் என்ன இருந்தது என்று அளந்து வைக்க. கனநீர் உலை என்பதால் டிரிட்டியம் அங்கே அன்றாட விஷயம், கசிவு நடந்தால்தான் வரும் என்றில்லை. தனி இழை போடுங்கள், இங்கே கலந்தால் இரண்டுமே கெடும்.

---

சந்தேகப்பிராணி

கடைசியாக ஒரு கேள்வி. புரூக்ஹேவன் வருடாவருடம் தடிமனான சுற்றுச்சூழல் அறிக்கை வெளியிடுகிறது. அளப்பதும் அவர்கள், எழுதுவதும் அவர்கள். 1997-க்கு முன்பும் அறிக்கை வந்துகொண்டுதானே இருந்தது? இதை எப்படி நம்புவது?

---

நீர்மட்டம்

நல்ல கேள்வி, முன்பும் வந்தது. இன்றைக்கு வித்தியாசம் என்னவென்றால், ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து கவுண்டியின் சுகாதாரத் துறையும் தனியாக அளக்கிறது. சூப்பர்ஃபண்ட் வேலைகளில் 1992 ஒப்பந்தத்தின்படி மத்திய சுற்றுச்சூழல் முகமையும் மாநிலத் துறையும் கையெழுத்துப் போட வேண்டும். 2001-ல் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14001 சான்றும் வாங்கினார்கள், ஆனால் எனக்கு அந்தச் சான்றிதழ் மேல் பெரிய மரியாதை இல்லை. பதிவேடு சரியாக இருக்கிறது என்பதற்கான சான்றுதான் அது. பழைய ஊழியன் அண்ணன் சொன்ன அதே கட்டங்கள்.

இவ்வளவு இருந்தும் பிஃபாஸ் வேதிப்பொருட்கள் நழுவின. தீயணைப்பு நுரையில் இருப்பவை. தீயணைப்பு நிலையத்தில் பயிற்சிக்காகப் பல பத்தாண்டுகள் பீய்ச்சியிருக்கிறார்கள். 2017-ல் ஆய்வகத்தின் சொந்தக் குடிநீர்க் கிணறுகளில் தென்பட்டது. அதுவரை யாரும் அந்தப் பொருளுக்காக மாதிரியைச் சோதிக்கவில்லை, சட்டமும் கேட்கவில்லை. நியூயார்க் மாநிலம் 2020-ல்தான் அதில் இரண்டு பொருட்களுக்கு லிட்டருக்கு 10 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. இப்போது பழைய தீயணைப்பு நிலையம், புதிய நிலையம் இரண்டின் தெற்கேயும் கரி வடிகட்டி வைத்து இறைக்கிறார்கள். கிணறு இருந்தது, தண்ணீர் எடுத்தார்கள், ஆனால் பட்டியலில் இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை.

---

சந்தேகப்பிராணி

அந்த அறிக்கையை ஒரு தடவை திறந்து பார்த்தேன், தலை சுற்றியது. எங்கிருந்து படிக்கலாம்?

---

மாலதி_ரசாயனம்

முன்னுரையைத் தாண்டிப் போங்கள். நிலத்தடி நீர் ஏழாவது அத்தியாயம், மனிதருக்கு வரும் கதிர்வீச்சுக் கணக்கு எட்டாவது. ஆனால் நான் முதலில் திறப்பது ஒன்பதாவதை, தரக்கட்டுப்பாடு. மாதிரிகளை அளக்கும் ஒப்பந்த ஆய்வுக்கூடங்களுக்கு, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாமல் மாதிரி அனுப்பிச் சோதிப்பார்கள். எந்தப் பொருளில் சரியாகச் சொன்னார்கள், எதில் தவறவிட்டார்கள் என்ற விவரம் அங்கே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஏழாவதுக்கு வாருங்கள்.